செவ்வாயில் உயிர் இருந்தால் மனிதர் போகலாமா?

1969 ஜூலை 24. நிலவில் நடந்துவிட்டுத் திரும்பிய அப்போலோ 11 கலம் பசிபிக் கடலில் வந்து விழுகிறது. உலகமே கொண்டாடக் காத்திருக்கிறது. கலத்தை நெருங்கிய நீச்சல் வீரர் ஒருவர், தலை முதல் கால் வரை மூடும் உடைகளை உள்ளே கொடுத்தார். மூவரும் அதை மாட்டிக்கொண்ட பிறகே வெளியே வந்தார்கள். அப்புறம் அவர்கள் மேல் கிருமிநாசினி போட்டுத் துடைத்தார்கள். ஹெலிகாப்டர் அவர்களை ஹார்னெட் என்ற கப்பலுக்குக் கொண்டுபோனது. அங்கே காற்றுப் புகாத ஒரு வண்டிக்குள் போகச் சொல்லிக் கதவை மூடினார்கள். வரவேற்க வந்த அதிபர் நிக்சன் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றபடிதான் பேச முடிந்தது. நிலவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 21 நாள் கணக்கு. ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

கொரோனா காலத்தைத் தாண்டி வந்த நமக்குத் தனிமைப்படுத்தல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காற்றும் இல்லாத, நீரும் ஓடாத நிலவில் கிருமி எங்கிருந்து வரும்? வராது என்றுதான் அன்றைய விஞ்ஞானிகள் பெரும்பாலோர் நினைத்தார்கள். "அநேகமாக வராது" என்பதற்கும் "வரவே வராது" என்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

இந்தக் கட்டுரையும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். உயிர் வாழ்கிற, அல்லது வாழக்கூடிய, இன்னொரு கோளுக்கு மனிதர் முதன்முதலாகப் போனால் யாருக்கு என்ன ஆபத்து? இதை ஆராயும் துறையைக் கோள் பாதுகாப்பு என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் விண்கல் வந்து மோதாமல் பூமியைக் காப்பது என்று நினைக்கத் தோன்றும். அது வேறு துறை. இது, ஓர் உலகத்தின் உயிர் இன்னோர் உலகத்தில் போய்க் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில், எங்கே போக முடியும்?

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதைச் சுற்றும் ஒரு கோளை 2016இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்புள்ள தூரத்தில் அது தன் விண்மீனைச் சுற்றுகிறது. நம்மிடமிருந்து 4.24 ஒளியாண்டு. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் அந்தக் கோளுக்குப் போக ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். மனிதர் பயிர் செய்யப் பழகியே சுமார் 12,000 ஆண்டுதான் ஆகிறது. எனவே விண்மீன்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

நம் சூரியக் குடும்பத்துக்குள் பார்த்தால், வியாழனின் நிலவான யூரோப்பா, சனியின் நிலவான என்சிலாடஸ் இரண்டிலும் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. உயிர் இருக்கலாம். ஆனால் யூரோப்பாவின் மேற்பரப்பில் வியாழனின் கதிர்வீச்சு கொட்டுகிறது. போதுமான கவசம் இல்லாமல் அங்கே ஒரு நாள் நின்றாலே அது மனித உயிருக்கு உலை வைத்துவிடும். என்சிலாடஸ் மிக மிகத் தொலைவு. ஆக, உயிர் இருக்க வாய்ப்பும் இருந்து, இந்த நூற்றாண்டில் மனிதர் கால் வைக்கவும் கூடிய இடம் ஒன்றுதான். செவ்வாய்.

சரி, செவ்வாயில் உயிர் இருக்கிறதா? 1976இல் நாசாவின் வைக்கிங் 1, வைக்கிங் 2 இரண்டும் தரையிறங்கி மண்ணை எடுத்துச் சோதித்தன. ஒரு சோதனையில், அந்த மண்ணில் சத்துக் கரைசலைச் சொட்டினார்கள். உயிர் இருந்தால் அதைத் தின்று வாயுவை வெளியிட வேண்டும். வாயு வந்தது! ஆனால் அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவி, அந்த மண்ணில் உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் இருப்பதாகவே காட்டவில்லை. உடம்பே இல்லாமல் மூச்சு மட்டும் எப்படி வரும்? பெரும்பாலானோர் அது மண்ணின் வேதிவினைதான் என்று முடிவு செய்தார்கள். பிறகு 2008இல் ஃபீனிக்ஸ் லேண்டர் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. மண்ணைச் சூடாக்கும்போது இந்த உப்பு கரிமச் சேர்மங்களை எரித்துவிடக்கூடியது. வைக்கிங் கருவியோ மண்ணைச் சூடாக்கித்தான் தேடியது. தேடிய விதமே தேடிய பொருளை அழித்திருக்கலாம். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

2024 ஜூலையில், செவ்வாய்த் தரையில் ஓடும் ஆளில்லா வண்டியான நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர், பழைய ஆறு ஒன்று ஓடிய தடத்தில், சிறுத்தைப் புள்ளி போன்ற கோலங்கள் கொண்ட ஒரு பாறையைக் கண்டது. அதற்கு செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புள்ளிகளில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு கனிமமும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த இன்னொரு கனிமமும் இருப்பதற்கான அடையாளம் கிடைத்தது. பாறையில் கரிமப் பொருளும் இருந்தது. பூமியில் இப்படிப்பட்ட சேர்க்கை பெரும்பாலும் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் கைவேலை. உயிர் இல்லாமலும் இது உருவாக வழி உண்டு. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை "உயிரின் தடயமாக இருக்கக்கூடும்" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. இன்றைய நிலை இதுதான்: இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

போகிறவர்களின் பாடு

பூமியும் செவ்வாயும் சாதகமான நிலைக்கு வருவது 26 மாதத்துக்கு ஒருமுறை. அப்போது கிளம்பினால் போய்ச்சேர ஆறு முதல் ஒன்பது மாதம். திரும்பும் வாய்ப்புக்காக அங்கே ஏறத்தாழ 500 நாள் காத்திருக்க வேண்டும். மொத்தம் இரண்டரை முதல் மூன்று ஆண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சில மணி நேரத்தில் பூமிக்குக் கொண்டுவந்துவிடலாம். செவ்வாய்ப் பயணத்தில் பாதி வழியில் குடல்வால் வீங்கினால்கூட, கூட இருப்பவர்தான் கத்தியை எடுக்க வேண்டும். பூமியில் இருக்கும் மருத்துவரிடம் கேட்கலாம், ஆனால் சொல் போய்ச்சேர, கோள்கள் நிற்கும் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு நேரம். இரண்டு கோள்களுக்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேச்சே இருக்காது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கதிர்வீச்சை. பூமியின் காந்தப்புலமும் தடித்த காற்றும் நமக்குக் குடை பிடிக்கின்றன. குடையை விட்டு வெளியே போனால் எவ்வளவு நனைவோம் என்பதை, கியூரியாசிட்டி ரோவர் போகிற வழியிலேயே அளந்தது: நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவர்ட். அதாவது, ஆறு மாதத்துக்குத் தினமும் பதினெட்டு முறை எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது போல. போய்த் தங்கித் திரும்பினால் மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிசீவர்ட் சேரும். நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான். இது அன்றாடம் சொட்டும் அளவு மட்டும். சூரியன் திடீரென்று சீறினால் கணக்கே வேறு. 1972 ஆகஸ்டில் அப்படி ஒரு சீற்றம் வந்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் யாரும் நிலவில் இல்லாதது தற்செயலாக வாய்த்த நன்மை.

எடையற்ற நிலையில் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேய்கிறது. ஆனாலும் ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யாகோவ் 1994-95இல் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்துவிட்டு வந்து, கலத்திலிருந்து இறங்கியதும் தன் காலால் சில அடி நடந்து காட்டினார். செவ்வாயில் இறங்கும் மனிதரால் வேலை செய்ய முடியும் என்று நிரூபிக்கத்தான் அவர் அப்படிச் செய்தார். உடம்பைப் பொறுத்தவரை இது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி.

இறங்குவதுதான் அடுத்த கண்டம். செவ்வாயின் காற்று பூமியின் காற்றில் நூறில் ஒரு பங்கு. கலத்தைச் சுட்டெரிக்க அது போதும், நிறுத்த அது போதாது. இதுவரை அங்கே இறக்கியதிலேயே எடை கூடியவற்றில் ஒன்றான பெர்சிவரன்ஸ் 1,025 கிலோ. மனிதரை இறக்கும் கலம் குறைந்தது 20 டன் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ரோவருக்குப் பயன்பட்ட பாராசூட்டைப் பெரிதாகத் தைத்து இதைச் சமாளிக்க முடியாது. ராக்கெட்டை எதிர்த்திசையில் எரித்தபடி இறங்க வேண்டும். முழு இறக்கமும் சுமார் ஏழு நிமிடம். "காற்று மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டோம்" என்ற செய்தி பூமிக்குக் கிடைக்கும்போது, அநேகமாக அவர்கள் தரையில் நிற்பார்கள், அல்லது இருக்க மாட்டார்கள்.

இறங்கிய பிறகு தூசு. முகப்பவுடர் போல மெல்லிய தூசு, அதில் மேலே சொன்ன பெர்குளோரேட் அரை சதவீத அளவுக்கு. தைராய்டைக் கெடுக்கும் உப்பு இது. நிலவுத் தூசை உள்ளே இழுத்த அப்போலோ 17 வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பும் தும்மலுமாக இருந்தது. அவர் நிலவில் இருந்தது மூன்று நாள். செவ்வாயில் 500 நாள்.

இவ்வளவும் போகிறவர்கள் தெரிந்தே, விரும்பியே ஏற்கும் ஆபத்து. அதை மதிக்கிறேன். இனிச் சொல்லப்போகும் ஆபத்தை ஏற்கிறாயா என்று கேட்டுப் பெறுவதற்கு அங்கே யாரும் இல்லை.

நாம் சுமந்து போகும் கூட்டம்

உங்கள் உடம்பில் இருக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி. நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம். குடலில், வாயில், தோலில், தலைமுடி வேரில் எல்லா இடத்திலும் இருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. அவை இல்லாமல் நாம் நலமாக வாழ முடியாது. மூச்சு விடும்போதும் தோல் உதிரும்போதும் அவற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆக, செவ்வாய்க்கு நான்கு பேரை அனுப்புகிறோம் என்றால், கூடவே ஒரு பெரும் கூட்டத்தையும் அனுப்புகிறோம்.

இதை ஒரு ரோவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செவ்வாயில் இறங்கும் கலத்தின் வெளிப்பரப்பில் மொத்தம் 3 லட்சம் ஸ்போருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நெடுங்கால விதி. ஸ்போர் என்பது சில பாக்டீரியா கெட்ட காலத்தைக் கடக்க எடுக்கும் விதை போன்ற வடிவம். சூடு, வறட்சி, கதிர்வீச்சு எதற்கும் சட்டென்று சாகாது. அந்த எண்ணிக்கைக்குள் நிற்பதற்காகத்தான், தூசி வடிகட்டிய அறையில், கண் மட்டும் தெரிய உடுத்திக்கொண்டு, பஞ்சால் துடைத்துத் துடைத்து ரோவரைக் கட்டுகிறார்கள். வைக்கிங் கலங்களுக்கு இது போதாது என்று, முழுக் கலத்தையும் ஒரு பெரிய அடுப்பில் வைத்து 110 டிகிரிக்கு மேல் ஒரு நாளைத் தாண்டியும் சுட்டெடுத்தார்கள். மனிதரை அப்படிச் சுட்டெடுக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தூய அறைகளிலும் உயிர் இருக்கிறது என்பதுதான் வியப்பு. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் கோள் பாதுகாப்பு நுண்ணுயிரியல் ஆய்வு செய்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன் என்ற தமிழர், இந்த அறைகளில் எதெல்லாம் பிழைத்திருக்கிறது என்று பல ஆண்டு தேடியவர். கலங்களைக் கட்டும் கூடத்தில் அவர் குழு பிரித்தெடுத்த பசில்லஸ் பியூமிலஸ் வகை ஒன்று, கிருமிகளைக் கொல்லப் பயன்படும் புற ஊதா ஒளியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வழக்கத்துக்கு மாறாகத் தாங்கியது. நாம் துடைக்கத் துடைக்க, துடைப்பத்துக்குத் தப்பியவை மட்டும் மிஞ்சுகின்றன. அதாவது, செவ்வாய்க்குப் போக மிகவும் தகுதியானவற்றை நாமே பொறுக்கி எடுக்கிறோம். விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு புதிய பாக்டீரியாவுக்கு அவர் குழு அப்துல் கலாமின் நினைவாக சோலிபசில்லஸ் கலாமி என்று பெயர் வைத்தது. இந்தத் துறையைப் பற்றி வாசிக்கும்போது இந்தப் பெயர் வந்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

விண்வெளியில் பாக்டீரியா பிழைக்குமா? பிழைக்கும். டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை ஜப்பானிய விஞ்ஞானிகள் விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டு வைத்திருந்தார்கள். திரளின் மேல் அடுக்கு செத்து, அதுவே கவசமாகி, அடியில் இருந்தவை உயிரோடு திரும்பின. செவ்வாயின் தரையில் புற ஊதா ஒளி பெரும்பாலானவற்றைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மண்துகளுக்கு அடியில், ஒரு பாறை விரிசலில், நிழல் எப்போதும் இருக்கிறது.

சரி, நம் பாக்டீரியா சில அங்கே போய் ஒட்டிக்கொண்டால்தான் என்ன? இரண்டு இழப்பு இருக்கிறது.

ஒன்று, அங்கே ஏற்கெனவே இருப்பவற்றுக்கு. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்று தெற்கத்தி மாவட்டங்களில் பார்த்திருப்போம். அது பூமிக்குள்ளேயே ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு வந்த மரம். செவ்வாயில் ஏதாவது உயிர் இருந்தால், கோடிக்கணக்கான ஆண்டு வறட்சியில் ஒரு மூலையில் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் நாம் போய் ஒரு புதிய போட்டியாளரைக் கொட்டுவோம்.

இரண்டாவது, நமக்கே. பூமியில் புல் முதல் புலி வரை எல்லா உயிரும் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் டிஎன்ஏ, எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மரபுக் குறியீடு. ஆகவே உயிர் என்பது பேரண்டத்தில் எளிதாகத் தோன்றுவதா, அரிதிலும் அரிதான விபத்தா என்று சொல்ல நம்மிடம் இருப்பது ஒரே ஒரு எடுத்துக்காட்டு. செவ்வாயில் வேறு அடிப்படையில் அமைந்த ஓர் உயிர் கிடைத்தால், பக்கத்துப் பக்கத்துக் கோளில் இரண்டு தடவை உயிர் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று ஆகும். அப்படியானால் விண்மீன்களெல்லாம் உயிர் நிறைந்திருக்க வாய்ப்புண்டு. மனிதர் கேட்ட கேள்விகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. அந்த விடையை நம் உடம்பிலிருந்து உதிர்ந்த பாக்டீரியாவோடு கலந்து குழப்பிவிடக் கூடாது.

மரபணுவைப் படித்தால் எது நம்முடையது என்று தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிந்த வகை என்றால் தெரியும். ஆனால் பூமியின் நுண்ணுயிர்களில் நாம் பெயர் வைத்தவை மிகச் சிறு பகுதிதான். கிடைப்பது முழு உயிராக இல்லாமல் உடைந்த மூலக்கூறுகளின் மிச்சமாக இருந்தால் இன்னும் கடினம். வைக்கிங் கதை நினைவிருக்கிறதல்லவா? தேடும் கையே தேடும் பொருளைக் கெடுக்கலாம்.

இப்படி ஒரு குழப்பம் ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. 1967இல் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்தின் கேமராவை 1969இல் அப்போலோ 12 வீரர்கள் கழற்றிக்கொண்டு வந்தார்கள். உள்ளே மனித வாயில் வாழும் ஒரு பாக்டீரியா கிடைத்தது. நிலவில் இரண்டரை ஆண்டு பிழைத்த உயிர் என்று அது புகழ் பெற்றது. பல ஆண்டு கழித்து, அந்தக் கேமராவை ஆய்வகத்தில் பிரித்தபோது எடுத்த படங்களை மறுபடி பார்த்தவர்கள், வேலை செய்தவர்களின் கைகள் சரியாக மூடப்படாமல் இருந்ததைக் கவனித்தார்கள். பாக்டீரியா நிலவிலிருந்து வராமல், பிரித்தவர்களிடமிருந்தே ஒட்டியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. ஒரு சின்னக் கேமராவிலேயே இப்படி என்றால், மனிதர் குடியிருந்த ஒரு கோளில்?

இந்தக் கவலை விண்வெளி யுகத்தின் வயதே ஆனது. 1957இல் ஸ்புட்னிக் பறந்த அடுத்த மாதம், அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் கல்கத்தாவில் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பார்க்கப் போயிருந்தார். அன்று சந்திர கிரகணம். சோவியத் ரஷ்யா தன் புரட்சி நாளைக் கொண்டாட நிலவில் ஒரு குண்டை வெடிக்குமோ என்று இருவரும் பேசிக்கொண்டார்களாம். அறிவியலைக் கேட்காமல் அரசியல் நிலவைத் தொட்டுவிடும் என்ற கவலை அங்கே பிறந்து, லெடர்பெர்க் ஊருக்குத் திரும்பியதும் எச்சரிக்கைக் கடிதங்களாக மாறியது. அந்தக் குரல்களின் தொடர்ச்சியாக 1967இன் விண்வெளி ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு வந்தது. பிற கோள்களைத் தீங்கு வரும்படி மாசுபடுத்தக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவருவதால் பூமிக்கும் கெடுதல் வரக் கூடாது என்று அது சொல்கிறது. இந்தியா உட்பட விண்வெளிக்குப் போகும் பெரிய நாடுகளெல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. நடைமுறை விதிகளை எழுதுவது காஸ்பர் என்ற சர்வதேச அறிவியல் குழு.

விதிகளை எவ்வளவு மனதாரக் கடைப்பிடித்தார்கள் என்பதற்கு இரண்டு சாட்சி உண்டு. வியாழனைச் சுற்றிய கலிலியோ கலத்தை 2003 செப்டம்பர் 21 அன்று வியாழனுக்குள்ளேயே விழச் செய்து எரித்தார்கள். எரிபொருள் தீர்ந்து அநாதையாகச் சுற்றி, என்றாவது யூரோப்பாவில் மோதிவிடக் கூடாது என்பதற்காக. சனியைச் சுற்றிய கேசினிக்கும் 2017 செப்டம்பர் 15 அன்று அதே முடிவு. என்சிலாடஸிலிருந்து நீர் பீறிடுவதைக் கண்டுபிடித்ததே கேசினிதான். தான் கண்டுபிடித்த கடலைக் காப்பதற்காகவே அது எரிந்தது.

திரும்பி வரும்போது

இப்போது மறுபக்கம். செவ்வாயிலிருந்து ஏதாவது நம்மிடம் வந்தால்?

பயத்தைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நோய்க்கிருமி என்பது தான் தாக்கும் உயிரோடு பல காலம் பழகி, அதன் உடம்பின் பூட்டுக்குச் சாவி செய்துகொண்ட ஒன்று. மனிதரையே கண்டிராத செவ்வாய் நுண்ணுயிரிடம் நம் பூட்டுக்குச் சாவி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேலும், செவ்வாயில் விண்கல் மோதிச் சிதறிய பாறைகள் பூமியில் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்படி வந்த கற்கள் நூற்றுக்கணக்கில் நம் கையில் உள்ளன. அவற்றால் நமக்குக் கேடு வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கற்கள் பொதுவாகப் பல லட்சம் ஆண்டு விண்வெளிக் கதிர்வீச்சில் வறுபட்டு வந்தவை. நாம் கொண்டுவருவது ஆறு மாதத்தில், பத்திரமாக மூடிய குழாயில் வரும். தவிர, மனிதரை நேரடியாக நோயில் தள்ளாவிட்டாலும் கடலிலோ மண்ணிலோ போய்ப் பெருகலாம். வாய்ப்பு சிறியது, நடந்துவிட்டால் திருப்பிச் சரிசெய்ய முடியாது. இந்த மாதிரி கணக்கில் எச்சரிக்கையின் பக்கம் நிற்பதே சரி.

அப்போலோ காலத்து ஏற்பாடுகளில் எவ்வளவு ஓட்டை இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கலத்தின் கதவைக் கடலில் மிதக்கும்போதே திறந்தார்கள். உள்ளே இருந்த நிலவுத் தூசு பசிபிக் கடலில் கலக்க அந்த ஒரு கணம் போதும். நிலவுக் கற்களைக் கையுறைப் பெட்டிகளில் வைத்து ஆராய்ந்தபோது கையுறை கிழிந்து, பணியாளர்கள் சிலரும் தனிமைக்குள் போக வேண்டியதாயிற்று. எலி, காடை, கரப்பான், இறால், சிப்பி என்று பல உயிர்களுக்கு நிலவுத் துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நிலவில் உயிர் இல்லை என்று உறுதியானதும், அப்போலோ 14க்குப் பிறகு தனிமைப்படுத்தலை விட்டுவிட்டார்கள். நிலவில் ஒன்றும் இல்லாததால் தப்பித்தோம். ஏற்பாடு நம்மைக் காப்பாற்றவில்லை.

செவ்வாயில் மனிதர் தூசோடு பழகாமல் இருக்க முடியாது. உடையில் ஒட்டும், அறைக்குள் வரும், நுரையீரலுக்குள் போகும். திரும்பும் வழியில் ஒருவருக்கு இன்னதென்று புரியாத காய்ச்சல் வந்தால், பூமி கதவைத் திறக்குமா? அது சாதாரணக் காய்ச்சலா, அந்தக் கோளின் காய்ச்சலா என்று கலத்துக்குள்ளேயே கண்டறிய வழி இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே இதற்கு விடை எழுதி வைக்காமல் யாரையும் அனுப்புவது, அந்த வீரருக்கும் செய்யும் அநியாயம்.

அப்படியானால் போகவே கூடாதா?

போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு தேர்ந்த நிலவியலாளர் சுத்தியலோடு ஒரு வாரத்தில் செய்யும் வேலைக்கு ரோவருக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கேள்விக்கு விடை, அப்புறம் கால்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. காஸ்பர் விதிகளில் சிறப்புப் பகுதி என்று ஒன்று உண்டு. மைனஸ் 28 டிகிரிக்கு மேல் வெப்பமும் போதிய ஈரமும் இருந்து, பூமி உயிர் பெருகக்கூடிய இடம் என்றால், அங்கே போகும் கலம் வைக்கிங் அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். இன்றைய ரோவர்களுக்கு அந்தச் சுத்தம் இல்லாததால் அவை அப்படிப்பட்ட இடங்களை விட்டு விலகியே போகின்றன. ஆனால் மனிதர் போனால் குடிக்க, சுவாசிக்க, திரும்பி வர எரிபொருள் செய்ய, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். எனவே புதைந்த பனிக்கட்டி உள்ள இடத்தில்தான் குடியேறத் திட்டமிடுகிறார்கள். உயிர் தேடும் இடமும் நாம் குழி தோண்டப்போகும் இடமும் ஒன்றாகிவிடுகிறது.

இதற்குப் பேசப்படும் வழிகள் சில. மனிதர் நடமாடும் வட்டம் ஒன்றை வரைந்து, அதற்கு வெளியே சுத்தமான இயந்திரங்கள் மட்டும் போவது. விண்வெளி உடை எப்போதும் வீட்டுக்கு வெளியிலேயே தொங்க, பின்பக்கத் திறப்பின் வழியே வீரர் உடைக்குள் நுழைவது. தூசு உள்ளே வராது, நம் கூட்டமும் அவ்வளவாக வெளியே போகாது. 2020இல் நாசா, மனிதப் பயணங்களுக்கான ஓர் இடைக்கால உத்தரவை வெளியிட்டு, எவ்வளவு மாசு எவ்வளவு தூரம் பரவும் என்பதை முதலில் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை, முதல் பயணத்தில் இறங்காமலே இருப்பது. செவ்வாயின் நிலவான ஃபோபோஸ், தரையிலிருந்து சுமார் 6,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே தங்கி, கீழே உள்ள சுத்தமான ரோவர்களைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பதில் வரும் வேகத்தில் ஓட்டலாம். இருபது நிமிடத் தாமதம் இல்லை, இருபது டன் இறக்கும் கண்டமும் இல்லை. அவ்வளவு தூரம் போய்விட்டுத் தரையைத் தொடாமல் திரும்புவது எந்த வீரருக்கும் நெஞ்சு வலிக்கும் காரியம். ஆனாலும் முதலில் போகிறவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று காத்திருக்கிறது. சிறுத்தைப் புள்ளிப் பாறையில் பெர்சிவரன்ஸ் துளையிட்டு எடுத்த மாதிரிக்கு சஃபையர் கேன்யன் என்று பெயர். அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவு ஏறி ஏறித் தடுமாறி நிற்கிறது. புள்ளிகளை வரைந்தது உயிரா, வேதிவினையா என்று சொல்லக்கூடிய கருவிகள் நம் ஆய்வகங்களில் இருக்கின்றன. விரல் பருமனே உள்ள அந்தக் குழாய், மூடி இறுக்கி, இன்னும் ரோவரின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.